பெயர் கேட்கும் பெட்டி: இணையப் படிவம் எழுதப் பழகுவோம்

நம் வீடுகளில் இன்று படிவம் நிரப்பாத மாதமே இல்லை. பள்ளிச் சேர்க்கை, கல்வி உதவித்தொகை, பாஸ்போர்ட், ஹஜ் விண்ணப்பம், வளைகுடா விசா, ரேஷன் அட்டைத் திருத்தம் என எல்லாமே திரைக்கு வந்துவிட்டன. முன்பு தாளில் எழுதும்போது இடம் போதாவிட்டால் ஓரத்தில் எழுதினோம். இனிஷியல் என்றால் என்ன என்று எழுத்தர் கேட்டால் வாயால் விளக்கினோம். திரையில் ஓரமும் இல்லை, கேட்பதற்கு எழுத்தரும் இல்லை. 'இந்தப் பெட்டியை நிரப்புவது கட்டாயம்' என்று சிவப்பு எழுத்து வந்து நின்றால், ஏதோ ஒன்றை அடித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போகிறோம். பல ஆண்டுகள் கழித்து, சான்றிதழ் சரிபார்க்கும் இடத்திலோ விமான நிலையத்திலோ அந்த 'ஏதோ ஒன்று' நமக்குத் தடையாக வந்து நிற்கிறது.

அந்தப் பெட்டியை அங்கே வைத்தது கணினி அல்ல. இரண்டு பெட்டி வேண்டும், இரண்டும் கட்டாயம், ஒன்றில் இத்தனை எழுத்துதான் என்று ஒரு மனிதர் முடிவு செய்து எழுதியிருக்கிறார். அவர் எழுதிய மொழி எச்.டி.எம்.எல். பத்தாம் வகுப்புப் பிள்ளையும் ஒரு மாலை நேரத்தில் அதன் அடிப்படையைக் கற்றுக்கொள்ளலாம். இந்தக் கட்டுரையில் ஓர் எளிய படிவத்தை எழுதப் பழகுவோம். அதனோடு, நம் மக்களின் பெயர்களுக்கு இடம் கொடுக்கும் படிவம் எப்படி இருக்க வேண்டும் என்பதையும் பார்ப்போம்.

காலிப் பெட்டியின் விலை

இது சின்ன விஷயம் என்று எண்ணுவோர் 2022 நவம்பரில் நடந்ததை நினைத்துப் பார்க்கலாம். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா, விசிட் விசாக்களில் ஏற்க முடியாது என்று ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தது. அந்த விதி நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்தது. ஏர் இந்தியாவும் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸும் தங்கள் முகவர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பின. கொடுக்கப்பட்ட பெயர், குடும்பப் பெயர் ஆகிய இரண்டு பெட்டிகளில் ஒன்று காலியாக இருந்தால் பயணம் இல்லை என்பதே அதன் சாரம். பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்கலாம் என்று சில நாட்களிலேயே விதி தளர்த்தப்பட்டது.

இந்த விதி வட இந்தியாவைவிடத் தமிழ்நாட்டையும் கேரளத்தையும் அதிகம் கலங்கச் செய்ததற்குக் காரணம் உண்டு. நம் ஊரில் குடும்பப் பெயர் வைக்கும் வழக்கம் பரவலாக இல்லை. நமக்கு இருப்பது ஒரு பெயரும் தந்தையைக் குறிக்கும் ஓர் எழுத்தும். இந்தியப் பாஸ்போர்ட்டில் அந்த எழுத்தை அப்படியே போட இயலாது, விரித்து எழுத வேண்டும். குடும்பப் பெயர்ப் பெட்டியை நிரப்புவது அங்கே கட்டாயமில்லை என்பதால், நம்மில் எத்தனையோ பேர் அதைக் காலியாகவே விட்டுவந்தோம். நம் நாட்டுப் படிவம் ஏற்ற காலிப் பெட்டியை இன்னொரு நாட்டுப் படிவம் ஏற்கவில்லை. தவறு செய்யாதவர்களுக்குப் பயணம் தடைப்பட்டது.

அமெரிக்க விசா விண்ணப்பத்தில் இன்னொரு விதமான சிக்கல். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்ப் பெட்டியில் மட்டும் பெயர் இருந்து மற்றது காலியாக இருந்தால், அந்த இடத்தில் 'எஃப்.என்.யு.' என்று எழுதச் சொல்கிறார்கள். 'முதற்பெயர் தெரியாது' என்பதன் சுருக்கம் அது. பெற்றோர் ஆசையாகப் பெயர் சூட்டிய ஒருவரை, பெயர் தெரியாதவராக ஒரு பெட்டி மாற்றிவிடுகிறது.

எல்லை ஊரில் ஒரு சேர்க்கைப் படிவம்

பயிற்சிக்கு ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். திருத்தணி வட்டாரத்தில், ஆந்திர எல்லையை ஒட்டி, தறிச் சத்தம் கேட்கும் நெசவு ஊர் அம்மையார்குப்பம். திருத்தணி வட்டாரம் ஒரு காலத்தில் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. ம.பொ.சி. முன்னின்று நடத்திய எல்லைப் போராட்டத்துக்குப் பின், 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்துடன் இணைந்தது. தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் பகுதி இது. உருதுவைத் தாய்மொழியாகக் கொண்ட முஸ்லிம் குடும்பங்களும் வட தமிழ்நாட்டு ஊர்களில் பரவலாக உண்டு.

அம்மையார்குப்பத்தில் கோடை விடுமுறைக்கு ஒரு கணினி வகுப்பு நடத்துகிறோம் என்று வைத்துக்கொள்வோம். சேர விரும்பும் பிள்ளைகள் நிரப்ப ஓர் இணையப் படிவம் வேண்டும். முதல் பெட்டி பெயருக்கு. அதிலேயே மூன்று வழக்கங்கள் வந்து நிற்கும்.

தெலுங்குக் குடும்பத்துப் பிள்ளைக்கு 'இண்டி பேரு' எனப்படும் வீட்டுப் பெயர் உண்டு. அது சொந்தப் பெயருக்கு முன்னால் வரும். தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைக்கு வீட்டுப் பெயர் இல்லை, முன்னால் வருவது தந்தையின் பெயரெழுத்து. முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளையின் பெயர் 'மு. அப்துல் ரஹ்மான்' என்று இருக்கலாம். இங்கே மு. என்பது தந்தை முஹம்மதைக் குறிக்கும். 'அப்துல் ரஹ்மான்' பார்ப்பதற்கு இரண்டு சொல்லாக இருந்தாலும் ஒரே பெயர்தான்.

இப்போது 'முதற்பெயர்', 'கடைசிப் பெயர்' என்று இரண்டு பெட்டிகளை வைத்தால் என்ன ஆகும்? தெலுங்குப் பிள்ளையின் குடும்பப் பெயர் முதலில் வருவதால் 'முதல்', 'கடைசி' என்ற சொற்களே குழப்பும். தமிழ்ப் பிள்ளை தந்தையின் பெயரைக் கடைசியில் போடும், வகுப்பில் ஆசிரியர் அப்பாவின் பெயர் சொல்லி அழைப்பார். முஸ்லிம் பிள்ளையின் பெயர் 'அப்துல்' ஒரு பெட்டியிலும் 'ரஹ்மான்' இன்னொரு பெட்டியிலுமாக உடையும். 'அப்துல்' என்றால் 'இன்னாருடைய அடியான்' என்ற பொருளில் பாதியில் நிற்கும் சொல். 'அர்-ரஹ்மான்' அல்லாஹ்வின் திருநாமம். அடியான் என்ற சொல் பிரிந்து போய், ஒரு சிறுவனைத் தனியே 'ரஹ்மான்' என்று பட்டியலிடும் நிலைக்கு அந்த இரண்டு பெட்டிகள் கொண்டுவந்து விடுகின்றன. நம் பெரியவர்கள் இந்தப் பெயர்களைப் பிரித்து அழைக்காதீர்கள் என்று சொல்வது இதனால்தான். படிவம் எழுதியவருக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

இதற்குத் தீர்வு எளிது. 'முழுப் பெயர்' என்று ஒரே பெட்டி வைப்பது. இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு, உலகெங்கும் உள்ள பெயர் வழக்கங்களை விளக்கி, பெயரைப் பிரித்துக் கேட்பது உண்மையில் தேவையா என்று முதலில் யோசிக்கச் சொல்கிறது. பிரிட்டன் அரசின் இணையதள வடிவமைப்பு வழிகாட்டியும் முடிந்தவரை ஒற்றைப் பெட்டியையே பரிந்துரைக்கிறது. தந்தை பெயர் தேவையென்றால் அதற்குத் தனிப் பெட்டி வைத்து 'தந்தை பெயர்' என்றே கேட்டுவிடலாம்.

படிவத்தின் உறுப்புகள்

எச்.டி.எம்.எல். மொழியில் ஒவ்வொரு பகுதியும் டேக் எனப்படும் குறிச்சொல்லால் அமையும். கோண அடைப்புக்குள் எழுதுவது குறிச்சொல். சாய்கோட்டுடன் மறுபடி எழுதினால் அந்தப் பகுதி முடிந்தது என்று பொருள். படிவங்கள் எழுதும் முறை 1995 நவம்பரில் வெளியான எச்.டி.எம்.எல். 2.0 தரத்திலேயே இடம்பெற்றுவிட்டது. கைபேசி எண், மின்னஞ்சல், தேதி போன்றவற்றுக்கான தனிப் பெட்டி வகைகள் 2014இல் தரமாக அறிவிக்கப்பட்ட எச்.டி.எம்.எல். 5 மூலம் வந்தன.

நம் வகுப்புச் சேர்க்கைப் படிவத்தின் சிறு வடிவம் இது. குறிச்சொற்களை ஒலிப்பு முறையில் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். கணினியில் அடிக்கும்போது அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் அடிக்க வேண்டும். பெயர், கைபேசி, முழுப் பெயர் போன்ற தமிழ்ச் சொற்களைத் தமிழிலேயே விடலாம்.

<மெட்டா சார்செட்="யுடிஎஃப்-8">
<ஃபார்ம் மெத்தட்="கெட்">
<லேபிள் ஃபார்="பெயர்">முழுப் பெயர்</லேபிள்>
<இன்புட் டைப்="டெக்ஸ்ட்" ஐடி="பெயர்" நேம்="பெயர்" ரிக்கொயர்டு>
<லேபிள் ஃபார்="கைபேசி">பெற்றோர் கைபேசி எண்</லேபிள்>
<இன்புட் டைப்="டெல்" ஐடி="கைபேசி" நேம்="கைபேசி" ரிக்கொயர்டு>
<பட்டன் டைப்="சப்மிட்">அனுப்பு</பட்டன்>
</ஃபார்ம்>

எட்டே வரிகள். ஒவ்வொன்றும் என்ன செய்கிறது என்று பார்ப்போம்.

முதல் வரி, இந்தப் பக்கத்தின் எழுத்துகள் யு.டி.எஃப்-8 முறையில் உள்ளன என்று உலாவிக்குச் சொல்கிறது. இது இல்லாவிட்டால் தமிழ் எழுத்துகள் புரியாத குறிகளாகத் தெரியக்கூடும்.

'ஃபார்ம்' என்பது முழுப் படிவத்தையும் சுற்றிய உறை. தபால் உறையில் முகவரி இருப்பதுபோல, பதில்கள் எங்கே போக வேண்டும் என்பதை 'ஆக்‌ஷன்' என்ற பண்பால் குறிக்கலாம். நம் பயிற்சிப் படிவத்தில் அதை எழுதவில்லை. எழுதாவிட்டால் பதில் அதே பக்கத்துக்குத் திரும்பி வரும்.

'லேபிள்' என்பது பெட்டியின் மேல் ஒட்டும் சீட்டு. அதன் 'ஃபார்' பண்பில் உள்ள சொல்லும் பெட்டியின் 'ஐடி' பண்பில் உள்ள சொல்லும் ஒன்றாக இருக்க வேண்டும். அப்போதுதான் இந்தச் சீட்டு இந்தப் பெட்டிக்குரியது என்று கணினிக்குத் தெரியும். பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் திரைவாசிப்பு மென்பொருள் இந்தச் சீட்டைத்தான் படித்துச் சொல்லும். லேபிள் இல்லாவிட்டால் அவர்களுக்கு அது என்ன பெட்டி என்றே தெரியாமல் போகலாம். சீட்டின் மேல் விரல் பட்டாலும் பெட்டி திறக்கும் என்பதால், சிறிய கைபேசித் திரையில் தடுமாறும் முதியோருக்கும் இது உதவும். சிலர் லேபிளை விட்டுவிட்டு, பெட்டிக்குள் மங்கலாகத் தெரியும் 'பிளேஸ்ஹோல்டர்' எழுத்தை மட்டும் வைப்பார்கள். அடிக்கத் தொடங்கியதும் அது மறைந்துவிடும், என்ன கேட்டார்கள் என்பது மறந்துவிடும். அது கூடுதல் குறிப்புக்கு மட்டுமே நல்லது.

'இன்புட்' என்பதே நாம் நிரப்பும் பெட்டி. இதில் 'நேம்' பண்பு மிக முக்கியம். புதிதாக எழுதுவோர் அதிகம் தடுமாறும் இடமும் இதுதான். நேம் இல்லாத பெட்டியில் எதை நிரப்பினாலும் அது அனுப்பப்படாது. திரையில் எல்லாம் சரியாகத் தெரியும், வந்து சேரும் பட்டியலில் அந்த விவரம் மட்டும் இருக்காது.

'பட்டன்' படிவத்தை அனுப்பும் பொத்தான். அதன் மேல் 'சமர்ப்பி' என்பதைவிட 'வகுப்பில் சேர விண்ணப்பி' என்று நடக்கப்போவதைச் சொல்லும் சொற்களை எழுதினால் தயக்கமின்றி அழுத்துவார்கள்.

எந்தக் கேள்விக்கு எந்தப் பெட்டி

இன்புட்டின் 'டைப்' பண்பை மாற்றினால் பெட்டியின் குணமே மாறும்.

கைபேசி எண்ணுக்கு 'நம்பர்' வகையைப் போடத் தோன்றும். அது கூட்டிக் கழிக்கும் எண்களுக்கானது. 91க்கு முன்னால் கூட்டல் குறி போட்டால் அதைச் செல்லாத எண்ணாகக் கொள்ளும். ஓரத்தில் ஏற்ற இறக்க அம்புகளும் வரும், தவறி அழுத்தினால் எண் ஒன்று கூடிவிடும். 'டெல்' வகையே சரி. அதைத் தொட்டதும் கைபேசியில் எண்பலகை தானே திறக்கும்.

மின்னஞ்சலுக்கு 'ஈமெயில்' வகை. முகவரியின் அமைப்பு சரியாக இருக்கிறதா என்று உலாவியே பார்க்கும். அந்த முகவரி உண்மையில் இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. மின்னஞ்சலே இல்லாத தாய்மார்கள் நம்மிடையே ஏராளம். அதைக் கட்டாயமாக்கினால் பக்கத்துக் கடைக்காரரின் முகவரியைப் போடுவார்கள். பிறகு நாம் அனுப்பும் தகவல் வேறொருவருக்குப் போகும்.

பிறந்த தேதிக்கு 'டேட்' வகை நாட்காட்டியைத் திறக்கும். அடுத்த வாரச் சந்திப்புக்கு நாள் தேர்வு செய்ய அது வசதி. பல ஆண்டுகள் பின்னோக்கித் தள்ள வேண்டிய பிறந்த தேதிக்கு அது தொல்லை. நாள், மாதம், ஆண்டு என்று மூன்று சிறு பெட்டிகள் வைத்தால் மனப்பாடமாகத் தெரிந்த தேதியைச் சட்டென்று அடித்துவிடலாம். நம் கோடை வகுப்புக்கு வயது தெரிந்தால் போதும் என்றால் வயதை மட்டும் கேட்கலாம்.

பல விடைகளில் ஒன்றை மட்டும் தேர்வு செய்ய 'ரேடியோ' வகை. காலை வகுப்பா, மாலை வகுப்பா என்று கேட்பது அப்படிப்பட்ட கேள்வி. இரண்டு வட்டங்களுக்கும் ஒரே நேம் கொடுக்க வேண்டும். வேறு வேறாகக் கொடுத்தால் இரண்டையும் ஒரே சமயத்தில் தேர்ந்தெடுக்க முடிந்துவிடும். ஒன்றுக்கு மேற்பட்ட விடை வரலாம் என்றால் 'செக்பாக்ஸ்' வகை. தெரிந்த மொழிகள் எவை என்று கேட்டு, தமிழ், தெலுங்கு, உருது, ஆங்கிலம் என நான்கு கட்டங்கள் வைக்கலாம். எந்த வகுப்பில் படிக்கிறார் என்பது போன்ற நீண்ட பட்டியலுக்கு 'செலக்ட்', அதனுள் ஒவ்வொரு விடைக்கும் ஓர் 'ஆப்ஷன்'. விரிவாக எழுத வேண்டியதற்கு 'டெக்ஸ்ட்ஏரியா'. தாளின் ஓரத்தில் எழுதிய வழக்கத்துக்கு ஈடாக, 'வேறு ஏதேனும் சொல்ல விரும்பினால்' என்று படிவத்தின் முடிவில் ஒரு டெக்ஸ்ட்ஏரியா வைப்பது நல்ல பழக்கம். பெட்டிகளில் அடங்காத செய்தியை மக்கள் அங்கே சொல்லிவிடுவார்கள்.

மூன்று பண்புகளில் எச்சரிக்கை

மக்களைத் திருப்பி அனுப்பும் வேலையை மூன்று சிறு பண்புகள் செய்கின்றன.

முதலாவது 'ரிக்கொயர்டு'. ஒரு பெட்டியில் இதைச் சேர்த்தால் நிரப்பாமல் அனுப்ப உலாவி விடாது. இது இல்லாமல் வகுப்பு நடத்தவே முடியாது என்று சொல்லத்தக்க கேள்விக்கு மட்டுமே இதைப் போட வேண்டும். தந்தை பெயரைக் கட்டாயமாக்கும் முன், தந்தையை இழந்த பிள்ளை அந்தப் பெட்டி முன் என்ன செய்யும் என்று எண்ணிப் பார்ப்போம். 'தந்தை, தாய் அல்லது காப்பாளர் பெயர்' என்று எழுதினால் அந்தப் பிள்ளையும் தலைநிமிர்ந்து நிரப்பும்.

இரண்டாவது 'மேக்ஸ்லென்த்'. பெட்டியில் எத்தனை எழுத்து வரலாம் என்ற உச்சவரம்பு இது. ஆங்கிலத்துக்கு எழுதியவர் தமிழுக்கும் அதே கணக்கை வைத்தால் சிக்கல். 'முஹம்மது' என்பது நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து. கணினி மெய்ப்புள்ளியையும் உயிர்மெய்க் குறிகளையும் தனித்தனியே எண்ணுவதால் அதற்கு எட்டு. 'முஹம்மது அப்துல் ரஹ்மான்' என்ற பெயரில் நமக்குத் தெரிவது 13 எழுத்துகள். கணினிக்கு இடைவெளிகளையும் சேர்த்து 24. உச்சவரம்பு 20 என்று இருந்தால் 'முஹம்மது அப்துல் ரஹ்' என்பதோடு பெட்டி நின்றுவிடும். பாஸ்போர்ட்டில் இயந்திரம் படிக்கும் பகுதியிலும் பெயருக்கு 39 இடங்கள்தான், நீண்ட பெயர்கள் அங்கே சுருக்கப்படும். அது உலகத் தரம், நம்மால் மாற்ற முடியாது. நம் சொந்தப் படிவத்தில் அப்படி ஒரு கட்டாயமும் இல்லை. பெயருக்கு 100க்குக் குறையாமல் இடம் விடுவோம்.

மூன்றாவது 'பேட்டர்ன்'. எந்தெந்த எழுத்து வரலாம் என்று சொல்லும் விதி. ஆங்கில எழுத்து மட்டும் என்று விதித்தால் தமிழ்ப் பெயரைத் தவறு என்று சொல்லும். புள்ளி வரக்கூடாது என்று விதித்தால் இனிஷியலைத் தவறு என்று சொல்லும். ஒருவரின் பெயரைப் பார்த்து 'செல்லாத பெயர்' என்று எழுதிக் காட்டும் படிவங்களை நாம் பார்த்திருக்கிறோம். பெயருக்கு இந்தப் பண்பே தேவையில்லை.

கூடவே ஒரு வழிகாட்டு வரியும் வேண்டும். முகம்மது, முஹம்மது, முகமது என்று தமிழிலேயே ஒரு பெயரைப் பலவிதமாக எழுதுகிறோம். ஆங்கில எழுத்துக் கூட்டல்கள் இன்னும் அதிகம். ஆதாரில் ஒன்று, மதிப்பெண் பட்டியலில் ஒன்று, பாஸ்போர்ட்டில் ஒன்று என்று இருப்பதால் அலையும் குடும்பங்கள் எத்தனையோ. சான்றிதழ் வழங்கும் வகுப்பாக இருந்தால், பெயர்ப் பெட்டிக்கு மேலே 'பள்ளிச் சான்றிதழில் உள்ளபடியே எழுதவும்' என்று ஒரு வரி சேர்த்தால் பின்னால் வரும் அலைச்சல் குறையும்.

வீட்டிலேயே சோதிப்போம்

கணினியில் நோட்பேடைத் திறந்து மேலே கண்ட எட்டு வரிகளை அடிப்போம். சேமிக்கும்போது கோப்பின் பெயருக்குப் பின் ஒரு புள்ளியும் எச்.டி.எம்.எல். என்பதன் நான்கு ஆங்கில எழுத்துகளும் வர வேண்டும். என்கோடிங் என்ற இடத்தில் யு.டி.எஃப்-8 இருக்க வேண்டும். பிறகு கோப்பை இருமுறை சொடுக்கினால் உலாவியில் படிவம் திறக்கும். இதற்கு இணைய இணைப்புகூடத் தேவையில்லை.

பெயரை நிரப்பாமல் அனுப்பு பொத்தானை அழுத்திப் பார்த்தால் உலாவி தடுக்கும். நிரப்பி அழுத்தினால், மேலே முகவரிப் பட்டையில் கேள்விக்குறிக்குப் பின் நாம் அடித்த விவரங்கள் வரிசையாக வந்து நிற்கும். சில உலாவிகளில் தமிழ் எழுத்துகள் சதவீதக் குறியும் எண்களுமாக மாறித் தெரியலாம், பயப்பட வேண்டாம். ஒரு பெட்டியின் நேம் பண்பை நீக்கிவிட்டு மறுபடி அனுப்பினால் அந்த விவரம் மட்டும் காணாமல் போவதையும் காணலாம்.

நாம் எழுதிய 'கெட்' முறையின் வேலை இதுதான். விவரங்களை முகவரியோடு ஒட்டி அனுப்பும். தேடல் பெட்டிக்கு இது பொருத்தம். மக்களின் பெயரையும் எண்ணையும் பெறும் உண்மையான படிவத்துக்குப் பொருந்தாது. முகவரிப் பட்டையில் தெரியும் விவரம் உலாவியின் வரலாற்றுப் பட்டியலிலும் தங்கிவிடும். மையத்துக் கணினியில் நமக்கு அடுத்து உட்காருபவர் அதைப் பார்க்கலாம். எனவே உண்மைப் படிவத்தில் 'போஸ்ட்' முறையைப் பயன்படுத்த வேண்டும். அதில் விவரம் முகவரியில் தெரியாது. ஆனால் போஸ்ட் மட்டுமே பாதுகாப்பு ஆகிவிடாது. வழியில் பிறர் படிக்காதபடி மறையாக்கம் செய்ய, தளத்தின் முகவரி எச்.டி.டி.பி.எஸ். என்று தொடங்குவதாக இருக்க வேண்டும்.

இன்னும் இரண்டு உண்மைகளை மனதில் வைக்க வேண்டும். எச்.டி.எம்.எல். விவரத்தைக் கேட்கும், சேமிக்காது. சேமிக்க, சர்வர் எனப்படும் வழங்கியில் பி.எச்.பி. போன்ற மொழியில் எழுதிய நிரல் வேண்டும். அடுத்து, ரிக்கொயர்டு போன்ற உலாவித் தடைகளைக் கொஞ்சம் விவரம் தெரிந்தவர் எளிதில் தாண்டிவிடலாம். ஆகவே வந்து சேரும் விவரத்தை வழங்கியிலும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.

கேட்கும் விவரம் அமானிதம்

படிவத்தில் ஒரு பெட்டியைச் சேர்ப்பது ஒரு வரி வேலை என்பதால், தேவையற்றதையெல்லாம் கேட்கும் பழக்கம் பரவிவிட்டது. கோடை வகுப்புக்கு ஆதார் எண் எதற்கு? குடும்ப வருமானம் எதற்கு? ஒவ்வொரு பெட்டிக்கும் 'இந்த விவரத்தை வைத்து நாம் என்ன செய்யப் போகிறோம்' என்று கேட்டு, விடை இல்லாத பெட்டியை நீக்கிவிட வேண்டும். 2023இல் நம் நாடாளுமன்றம் நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் நோக்கத்துக்குத் தேவையான விவரத்தை மட்டுமே ஒப்புதலோடு பெற வேண்டும் என்கிறது. 18 வயது நிரம்பாத பிள்ளைகளின் விவரத்தைக் கையாளச் சரிபார்க்கத்தக்க பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்றும் அது கூறுகிறது.

சட்டத்துக்கு அப்பாலும் இது ஓர் அமானிதம். நம்மை நம்பி ஒரு தாய் தன் மகளின் பெயரையும் கைபேசி எண்ணையும் தருகிறார். கூகுள் ஃபார்ம்ஸ் போன்ற ஆயத்தப் படிவங்களைப் பயன்படுத்துவோரும் இதைக் கவனிக்க வேண்டும். பதில்கள் சேரும் அட்டவணையின் இணைப்பை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டால், ஊர்ப் பிள்ளைகள் அனைவரின் விவரமும் யார் யார் கைக்கோ போய்விடும். யார் பார்ப்பார்கள், எப்போது அழிப்போம் என்பதைப் படிவத்தின் தொடக்கத்திலேயே இரண்டு வரியில் சொல்லிவிடுவது நல்லது.

பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும்

நம் பிள்ளைகளில் பலர் கணினிப் படிப்பைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நாளை வங்கிக்கோ மருத்துவமனைக்கோ அரசுத் துறைக்கோ படிவம் எழுதப் போகிறவர்கள் அவர்கள்தாம். மதிப்பெண்ணுக்காகக் குறிச்சொற்களை மனப்பாடம் செய்வதோடு நிற்காமல், வீட்டிலேயே ஓர் உண்மையான தேவைக்குப் படிவம் எழுதச் சொல்லலாம். பள்ளிவாசலின் நூலகத்துக்கு ஓர் உறுப்பினர் படிவம், அத்தாவின் கடைக்கு ஓர் ஆர்டர் படிவம், தெருவில் நடக்கும் இரத்ததான முகாமுக்கு ஒரு பதிவுப் படிவம் என எதுவானாலும் சரி.

எழுதி முடித்ததும் மூன்று பேரிடம் கொடுத்து நிரப்பச் சொல்ல வேண்டும். ஒருவர் வீட்டுப் பெரியம்மாவாக இருக்கட்டும். ஒருவர் வேறு மொழி பேசும் அண்டை வீட்டாராக இருக்கட்டும். இன்னொருவர் ஒற்றைச் சொல்லில் பெயர் உள்ளவராக இருக்கட்டும். பக்கத்தில் உட்கார்ந்து எதுவும் சொல்லாமல் பார்க்க வேண்டும். அவர்கள் விரல் எங்கே தயங்கி நிற்கிறதோ அங்கே திருத்தம் தேவை. நிரப்புபவர் தடுமாறினால் குறை அவரிடம் இல்லை, பெட்டியில்தான் இருக்கிறது என்பதை நம் பிள்ளைகள் இளமையிலேயே கற்றுக்கொண்டால், நாளை அவர்கள் எழுதும் படிவங்களில் அப்துல் ரஹ்மான்கள் அப்துல் ரஹ்மான்களாகவே இருப்பார்கள்.